ஆண் தவளைக்குப் புடவை

என் மகளின் முழங்கை மடிப்பில் இருந்த கரப்பான் படை அப்போதுதான் ஆறியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் களிம்பு எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "ஆறிடுச்சேன்னு அசந்துடாதீங்க. கெட்ட தண்ணி மேல படவே கூடாது. திரும்ப வந்தா புண்ணாயிடும்" என்று சொல்லி அனுப்பினார். ஆம்பூருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, கெட்ட தண்ணீர் படாமல் ஒரு குழந்தையை வளர்ப்பது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். படித்தவள் இப்படிக் கேட்கிறாளே என்று நினைத்துவிடுவாரோ என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டு போர் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும் என்று ஆயிற்று. லாரி தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து அவளைக் குளிப்பாட்டினேன்.

மழை பொய்த்துக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. ஏன் பொய்த்தது என்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பால்காரருக்கு செல்போன் டவர். என் மாமியாருக்கு, பெண்கள் நைட்டியோடு கோயில் வாசல்வரை போய்வருவது. என் கணவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியின் மேனேஜருக்குக் குளோபல் வார்மிங். "உலகம் பூரா சூடாவுதும்மா. ஐஸ் மலையே உருகுது. நம்ம ஏரி எம்மாத்திரம்?" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. நானும் பேப்பரில் படித்ததுதான். ஒரு உண்மையைச் சோப்பு மாதிரி எடுத்துக் கையைக் கழுவிக்கொள்ள முடியும் என்பது அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏரி முழுக்க வெடித்துக் கிடந்தது. மதகுப் பக்கம் மட்டும் ஒரு குட்டை வற்றாமல் நின்றது. வானம் கொடுத்த தண்ணீர் இல்லை, கம்பெனிக் கால்வாயில் வந்தது. தேயிலைச் சாறு நிறம், மேலே நீலமும் பச்சையுமாக ஒரு படலம், ஓரமெல்லாம் அழுக்கு நுரை. நுரையில் தோலிலிருந்து சுரண்டிய மயிரும் ஜவ்வும் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இப்படியில்லை. முதல் மழை பெய்த சாயங்காலம் ஏரி பூராவும் தவளைச் சத்தம். காலேஜில் விலங்கியல் படித்த தெம்பில் என் கணவரிடம், "கத்தறதெல்லாம் ஆணுங்க. பொண்ணு சத்தமே போடாது. எந்தக் குரல் புடிச்சிருக்கோ அங்க போவும்" என்றேன். "நம்ம ஊட்லயும் அதானே? கத்தறது நானு, முடிவு பண்றது எங்கம்மா" என்று சிரித்தார். வருடா வருடம் அந்தக் குரல்கள் குறைந்தன. எந்த வருடம் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்றுபோன சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

மழை வேண்டி ஊரில் தவளைக் கல்யாணம் வைத்தார்கள். சாப்பாடு கம்பெனி பொறுப்பு என்று மேனேஜர் ஏற்றுக்கொண்டார். எங்கள் ஏரியில் கல்யாணத்துக்குக்கூடத் தவளை கிடைக்கவில்லை. பூசாரியின் மச்சான் நெமிலிப் பக்கத்து வயலிலிருந்து இரண்டு பிடித்து, பிளாஸ்டிக் குடத்தில் போட்டுத் துணி கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். தாலி கட்டிய பிறகு ஜோடியை ஏரித் தண்ணீரில் விட வேண்டும். வயசுக்கு வராத ஒரு பெண் குழந்தை தண்ணீரில் இறங்கி விட வேண்டும் என்பது முறை. என் மாமியார் என்னைக் கேட்காமலே பேத்தியைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அத்தை, அவளுக்கு இப்பதான் தோலு ஆறியிருக்கு."

"கணுக்கால் தண்ணிதானேம்மா. சாமி காரியத்துல இன்னா ஆயிடும்?"

கணவரைப் பார்த்தேன். "மேனேஜர் வேற வர்றாரு. அங்க வந்து எதுவும் பேஜார் பண்ணாத" என்றார். காலில் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகத் தடவினால் போதுமா, பாலிதீன் கவரைக் கட்டி மேலே சாக்ஸ் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். கவரோடு இறங்கினால் சாமிக் குத்தம் என்பார்களோ என்று அதையும் விட்டேன். எண்ணெய் மட்டும் தடவினேன்.

பித்தளைத் தட்டில் இரண்டு தவளைகள். உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றி என்று எதையோ நினைத்து வைத்த குங்குமம், அதற்கு மேல் வழவழவென்று அதுகளின் கோழை. ஒன்றுக்கு ஜரிகை வைத்த சிவப்புத் துணியைப் புடவையாகச் சுற்றியிருந்தார்கள். பூசாரி 'பொண்ணை'த் தூக்கியபோது தொண்டையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கருத்து மடிந்த தோல். கத்தும்போது ஊதுகிற பை அது. மாப்பிள்ளைக்கும் அதே. மாமியாரின் காதருகே குனிந்தேன்.

"அத்தை, ரெண்டும் ஆணு."

"சும்மா இரும்மா. பொடவ கட்டிட்டா பொண்ணுதான்."

தாலிக் கயிறைச் சுற்றி இரண்டையும் சேர்த்து வைத்த உடனே மாப்பிள்ளை பாய்ந்து பொண்ணின் முதுகில் ஏறி, அக்குளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

"மாப்ளைக்கு அவசரத்தப் பாரு!"

"பூசாரிகூட இன்னும் போவலடா, பொறுடா!"

கீழே இருந்தது உடம்பை உதறி, க்ரெக் க்ரெக் என்று வெட்டி வெட்டிக் கத்தியது. "பொண்ணு பேசுது! சம்மதம் சொல்லுது!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அது சம்மதமில்லை. வேகத்தில் இருக்கிற ஆண் தவளை கையில் கிடைத்ததைக் கட்டிக்கொள்ளும். கட்டப்பட்டதும் ஆணாக இருந்தால், விடு என்று இப்படித்தான் கத்தும். முட்டையிட்டு முடித்த பெண்ணும் உதறும் என்பதால் எனக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. திரும்பத் தொண்டையைப் பார்த்தேன். ஆண்தான். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறி, துப்ப இடம் தேடினேன்.

ஊர்வலம் மதகுக்குப் போயிற்று. மேனேஜர் கரைமேல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். என் மகள் தட்டைப் பிடித்துக்கொண்டு, "நாறுதும்மா" என்றாள். பூசாரி ஜோடியைப் பிரித்து முதலில் கரையோரத் தண்ணீரில் நனைத்தார், உள்ளே கொண்டுபோய் விடுவதுதான் குழந்தையின் வேலை. பொண்ணு இருந்தது ஒரு நொடிதான். புடவையோடு துள்ளி வெளியே வந்து சேற்றில் விழுந்தது.

"வெக்கப்படுது" என்றார் யாரோ.

பூசாரி ஒரு குச்சியால் அதை உள்ளே தள்ளினார். அது திரும்ப ஏறி வந்தது. திரும்பத் தள்ளினார். மாப்பிள்ளை எதிர்க்கவே இல்லை. காலை நீட்டி, நுரைக்கு நடுவில் அப்படியே கிடந்தது. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. பாதி மூச்சும் தோலால்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம். என் மகளின் முழங்கை மடிப்பில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது.

"எறங்கு கண்ணு" என்றார் மாமியார்.

"இவ எறங்க மாட்டா" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. மேளம் நின்றது.

"இன்னாம்மா, படிச்சவங்க நீங்களே பயந்தா எப்டி?" என்றார் மேனேஜர்.

"அப்ப நீங்க எறங்கி விடுங்க சார்." குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை. வேறு யாராவது இறங்கினால் போதும் என்றுதான் இருந்தது. கூட்டம் சிரித்தது. அவர் தன் காலைப் பார்த்தார். "ஷூ போட்டிருக்கேனே" என்றார்.

"வேற புள்ள யாராச்சும் வாங்கம்மா" என்று பூசாரி கூப்பிட்டார். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நைட்டிக்காகத் திட்டு வாங்கியவள், டவர் என்றவரின் மனைவி, எல்லோரும். அந்தத் தண்ணீர் என்னவென்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பூசாரி நின்ற இடத்திலிருந்தே இரண்டு தவளைகளையும் குச்சியால் எற்றி நடுக்குட்டையில் போட்டுவிட்டுக் கும்பிட்டார். பிறகு எல்லோரும் பாயசத்துக்குப் போனார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அவள் கைகால்களைக் கழுவினேன்.

கரப்பான் திரும்பவில்லை. மழையும் வரவில்லை. "அந்தக் குட்டி எறங்கல, அதான்" என்று தெருக் குழாயடியில் பேச்சு வந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டவர்களே பேசினார்கள். நைட்டி, டவர், ஐஸ் மலை வரிசையில் என் மகளும் சேர்ந்தாள். மாமியார் என்னிடம் பேசுவதைக் கம்மி செய்துகொண்டார். ஒருவேளை நான் அவசரப்பட்டேனோ என்று தோன்றும்போதெல்லாம் அவளுடைய முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.

பிறகு ஒரு ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. விளக்கு வைக்கிற நேரம். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்து நின்றாள்.

"தவள ஏன் கத்தலம்மா?"

மாமியார் முந்திக்கொண்டு சொன்னார்: "அதான் கல்யாணம் ஆயிடுச்சே. இன்னும் எதுக்குக் கத்தணும்?"

நுரை ரோடு வரைக்கும் வந்திருந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.