கடலுக்குள் விழுந்த அட்சதை

திருப்பதி கல்யாண மண்டபங்களில் ஆறு வருஷம் வீடியோக்காரருக்கு லைட் பிடித்தவன் நான். மணப்பெண் முகத்தில் நிழல் விழக்கூடாது என்பதைத் தவிர எனக்குப் போட்டோவைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆளாளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிய காலம் அது. நானும் மாலத்தீவில் ஒரு விடுதிக்குக் கடலடிப் படம் எடுக்கப் போனேன். விண்ணப்பத்தில் ஏஜென்ட் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. நீச்சல் மட்டும் நிஜம். சித்தூர் பக்கத்தில் எங்கள் ஊரான குடிபாலாவில், கிணறுகளில் தண்ணீர் இருந்த நாட்களில் கற்றது.

மூச்சுக் கருவியோடு முங்கக் கற்றுக்கொடுத்ததும், விடுதியில் டைவிங் பள்ளி நடத்திய ஜெர்மன்காரர் ஒரு கெடு வைத்தார். ஒரு மாதத்துக்குள் உருப்படியாக ஒரு படம் வரவேண்டும், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். "எம் புள்ள கடலுக்குள்ள போட்டோ புடிக்கிறான்" என்று நைனா அதற்குள் சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

ஜெர்மன்காரர் கொடுத்தது ஒரு தண்ணீர் புகாத பெட்டிக்குள் இருந்த கேமரா. முன்னால் குண்டுக் கண்ணாடி, பின்னால் அகன்ற காட்சிக்கான லென்ஸ், மடக்கி நீட்டும் கை ஒன்று, அதன் நுனியில் ஒரே ஒரு பிளாஷ். மற்ற விடுதிகளில் இரண்டு பிளாஷ் வைத்திருந்தார்களாம். நான் என் பழக்கப்படி அதைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, பவளப்பாறை அருகே மிதந்த விருந்தாளி அம்மாளின் முகத்துக்கு நேராகத் திருப்பி அடித்தேன்.

கழுவிப் பார்த்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அந்த அம்மாளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேலை நடக்கிறது என்று காட்ட அதிலொன்றை நைனாவுக்குத் தபாலில் போட்டேன். அடுத்த முறை வெளிச்சத்தைக் கூட்டினேன், புள்ளியும் கூடியது. பிளாஷைப் பக்கவாட்டில் வைத்தேன். பாதி முகம் இருட்டு, மீதி முகத்தில் புள்ளி. ஜெர்மன்காரர் மூன்று விரலைக் காட்டினார். கெடுவில் மிச்சமிருந்த நாட்கள்.

விடுதிச் சமையல்காரர் எங்கள் பக்கத்து ஆள், வரதய்யபாளையத்துக்காரர். படத்தை வாங்கி ஈரக் கையாலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, மீனுக்குக் கல்யாணமா? இம்மாம் அட்சத போட்டு வெச்சிக்கிற."

"நீ சாம்பார கவனி அண்ணா" என்றேன். கோபத்தில் மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணம் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. மண்டபத்தில் ஓமப் புகை எழும்போதெல்லாம் வீடியோக்காரர் என்னைத் திட்டுவார். "பொகைக்கா லைட் காட்ற? கைய மேல தூக்குடா. பொகைக்கு அந்தாண்ட போவட்டும்."

கடல் தண்ணீரிலும் புகைமாதிரி தூசு மிதக்கிறது. நான் இத்தனை நாளும் அந்தத் தூசுக்குத்தான் லைட் பிடித்திருக்கிறேன்.

மறுநாள் முங்கியதும் பிளாஷின் கையை முழுக்க மேலே நீட்டி, கண்ணாடிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தேன். வெளிச்சம் முகத்தில் நேராக அடிக்காமல், அம்மாளின் தலைக்கு மேலாக அந்தப் பக்கம் போகும்படித் திருப்பினேன். வெளிச்சத்தின் கீழ் ஓரம் மட்டும் அம்மாள்மேல் பட்டால் போதும். தண்ணீருக்குள் எதுவும் இருப்பதைவிடக் கிட்டத்தில் தெரியும். தெரிகிற இடத்தைக் குறிவைத்தால் வெளிச்சம் வழியிலேயே விழுந்துவிடும். நடுவில் தண்ணீர் குறையட்டும் என்று, முகமூடி இடிக்கிற அளவுக்கு நெருங்கினேன். அம்மாள் பயந்து பின்வாங்கினார், விடாமல் துரத்தினேன். பிளாஷை முகத்துக்கே திருப்பச் சொல்லிக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, மணப்பெண்ணுக்குக் காட்டுவதுபோல, கொஞ்சம் நிமிரச் சொல்லிச் சைகை காட்டினேன்.

படத்தில் நீலம் சுத்தமாக இருந்தது. பாறை சிவப்பு சிவப்பாக எழுந்து நின்றது. அம்மாளின் மூக்குத்தி வரை தெரிந்திருக்கும், அவர் போட்டிருந்தால். ஜெர்மன்காரர் அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார். சமையல்காரர் பாயசம் வைத்தார்.

அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, குடிபாலா எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு நைனாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"வந்துது. நல்லாத்தான் கீது" என்றார். "ஆனா தண்ணியே தெரியலியே. மொதல்ல ஒண்ணு அனுப்சியே, அதத்தான் கண்ணாடி போட்டு மாட்டிக்கீறேன்."

"ஐயோ நைனா, அது கெட்டுப்போன படம்."

"இன்னாடா கெட்டுது? கடலுக்குள்ளயே மழ பேஞ்சிக்கினு கீது. இங்க மூணு வருசமா ஒரு தூத்தல் இல்ல. கெணத்துல ஆடு மேயுது. வர்றவன் போறவன் எல்லாம் அந்தப் படத்துக்கிட்டதான் நின்னு பாத்துக்கினு கீறாங்க."

அது மழையில்லை, பிளாஷை வைக்கத் தெரியாதவன் செய்த வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். பூத்தில் அவருக்குப் பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"ஆமா நைனா" என்றேன். "அன்னிக்கு இங்க நல்ல மழ."