அப்பா போன பரீட்சைகள்

தேயிலை விலை படுத்துக்கொண்ட வருடங்களில் எங்கள் எஸ்டேட் ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்பா அங்கே தூள் காயவைக்கும் டிரையரில் வேலை பார்த்தவர். வேலை இல்லாத நாளிலும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஃபாக்டரி கேட் வரைக்கும் நடந்து போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். பூட்டியிருக்கும் என்று தெரியும், ஆனாலும் போவார். நான் குன்னூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றேன். அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். அடுப்பு எப்படியோ எரிந்துகொண்டுதான் இருந்தது. மனிதர்தான் அணைந்துகொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில் விடாத இருமல் ஒன்று வந்து, அதற்காக மலையிறங்கி கீழே ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார். அதன் பெயர் வேண்டாம். அங்கே கெட்டவர்கள் என்று யாரும் இல்லை, அதுதான் இதில் விசேஷமே. நெஞ்சில் குழாய் வைத்த டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாராம். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டாராம். அப்புறம் படிக்கிற பிள்ளைகள் வரிசை கட்டி வந்து கேட்டார்களாம். "நல்ல சவுண்ட்", "கிளாசிக் கேஸ்" என்றெல்லாம் பேசிக்கொண்டார்களாம். இருமலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பும்போது, அடுத்த மாதம் மாணவர்களுக்குப் பரீட்சை, அன்றைக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். டாக்டருக்குப் படிப்பவர்களின் பரீட்சைக்கு உயிரோடு ஒரு நோயாளி வேண்டும். அவர்கள் அவரைத் தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, என்ன நோய் என்று பரீட்சை வைப்பவரிடம் சொல்ல வேண்டும். வருகிறவருக்குச் சாப்பாடும் பஸ் செலவும் கையில் கொஞ்சம் காசும் உண்டு.

"அம்மிணி, என்னைய பரீட்சைக்குக் கூப்புட்டிருக்காங்க" என்றார், வீட்டுக்குள் கால் வைத்ததும்.

"அஞ்சாங்கிளாசோட நின்னவருக்கு நேரா டாக்டர் பரீட்சைங்களா?" என்றேன்.

சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. லைன் வீடுகளில் எல்லோரிடமும் போய்ச் சொன்னார். பரீட்சைக்காரர் என்றே பிறகு பெயர் நிலைத்துவிட்டது.

முதல் பரீட்சைக்கு முந்தின நாள் சிகைக்காய் தேய்த்துக் குளித்தார், புது பனியன் வாங்கினார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். வார்டு ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. அங்கிருந்து பாதி தெரியும், பாதி கேட்கும். அப்பா கட்டிலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தார். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் திரும்பினார், மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கினார். வந்த பிள்ளைகள்தான் பயந்துபோயிருந்தார்கள். சிலர் குழாயின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு நெஞ்சில் வைத்தார்கள். "அதுங்க நல்லா வளர்ந்த புள்ளைங்க" என்று பஸ்ஸில் வரும்போது சான்றிதழ் கொடுத்தார்.

நோயாளி வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அப்பா திறந்தார். ரொம்பப் பயந்தவர்களிடம் மட்டும், கூரையைப் பார்த்துக்கொண்டே, "மைட்ரல் ஸ்டெனோசிஸுங்க" என்று முணுமுணுப்பார். டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் அவருக்கு மனப்பாடம். அது என்ன என்று நான் கேட்டதற்கு, "நெஞ்சுல ஒரு சத்தமாமா. அபூர்வமாத்தான் இத்தன தெளிவாக் கேக்குமாமா" என்றார், பெருமையாக. வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் நடுநடுவே நிற்பார். எதிர் மலையைப் பார்ப்பது போல நிற்பார். ஃபாக்டரித் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அதையே நம்பினோம்.

மூன்றாவது பரீட்சையில்தான் அந்தப் பெண் வந்தாள். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவளுக்கு அப்பாவின் உதவி தேவைப்படவில்லை. தன் வேலையை முடித்துவிட்டாள், பரீட்சை வைப்பவர் இன்னும் வந்து சேரவில்லை. மற்றவர்கள் அந்த இடைவெளியில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். இவள் அப்பாவின் பனியனை இறக்கிவிட்டு, "ஐயா, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள்.

"முட்டுமுங்க. தலகாணி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக்குவேன்."

"இங்கே உங்களுக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?"

"கிளாசிக்குன்னு சொன்னாங்க."

அவள் கட்டில் ஓரத்தில் குனிந்து, மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தாள். இதயத்துக்குள் கதவு மாதிரி ஒரு வால்வு உண்டு, அது அப்பாவுக்கு ஒட்டிப்போய்ச் சரியாகத் திறப்பதில்லை. ரத்தம் அதற்குள் நெருக்கியடித்துப் போகிற சத்தத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து. தொடை வழியாக ஒரு பலூனை அனுப்பி அந்தக் கதவைத் திறந்துவிடலாம், நெஞ்சைக் கிழிக்கக்கூட வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

பரீட்சை வைக்கும் பேராசிரியர் வந்தார். அவள் நோயைச் சரியாகச் சொன்னாள், வைத்தியத்தையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "சார், இவர்கிட்ட இதை யாரும் சொல்லலை" என்றாள். பரீட்சையில் நிற்கிற பிள்ளை, மார்க் போடுகிறவரிடம். இன்றைக்கு நினைத்தாலும் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கத் தோன்றுகிறது.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அதை நிரூபித்தேன். பரீட்சை முடிந்து பேராசிரியர் வெளியே வந்ததும் வழி மறித்தேன்.

"ஏனுங்க சார், இத்தன பேரு காது வச்சுக் கேட்டீங்களே, ஒருத்தருக்காச்சும் அந்த மனுசங்கிட்ட சொல்லோணும்னு தோணலீங்களா?"

அவர் மழுப்புவார், அதற்கு என்ன சொல்வது என்று நான் தயாராக நின்றேன். அவரோ கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "தோணலைம்மா" என்றார். "வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சிருக்கோம். நானே ரெண்டு தடவை கேட்டிருக்கேன். சத்தத்தைத்தான் கேட்டேன்." சண்டை போட வந்தவளுக்கு எதிராளி இல்லாமல் போனதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பலூன் சிகிச்சையை அங்கேயே செய்யலாம், செலவை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஓர் இளைய டாக்டர் தயங்கித் தயங்கி, "சார், அடுத்த எக்ஸாம் வரைக்கும் மட்டும் தள்ளி வச்சா... இந்த மாதிரி கேஸ் கிடைக்கிறது..." என்று இழுத்தார். பேராசிரியர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாய் மூடிக்கொண்டது.

ஆனால் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, "அதுக்கென்னங்க, அடுத்த பரீட்சைக்கும் வந்துட்டே போறேன்" என்றார்.

பஸ் ஏறிய பிறகும் நான் அவரோடு பேசவில்லை. மலைப்பாதையில் பர்லியாரில் பஸ் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள், நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் வெடித்தேன். உயிரைவிடப் பரீட்சை பெரிதா, அந்தக் காசு இல்லாமல் நாம் பட்டினியா கிடக்கிறோம் என்று கத்தினேன்.

"காசுக்கில்ல அம்மிணி" என்றார். கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஃபாக்டரிக்கு நான் வேண்டாம். போட்டு வச்சிருக்கிற தூளையே வாங்க ஆளில்ல, அப்புறம் ஆளு எதுக்கு? எங்கிட்ட இருக்கற ஒண்ண வேணும்னு சொல்லி, பஸ் காசு குடுத்துக் கூப்புட்டவங்க அவுங்க மட்டுந்தான். அதையும் எடுத்துப்போட்டா நான் எதுக்கு?"

அவர் என்னிடம் அதுவரை இப்படிப் பேசியதே இல்லை. கோபமெல்லாம் எங்கேயோ போய், அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

"எனக்கு நீங்க வேணுமுங்கப்பா" என்றேன். "சத்தம் இருந்தாலும் வேணும், இல்லாட்டியும் வேணும்."

அப்பா குன்னூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "எப்ப வந்து படுக்கோணும்னு அந்தப் பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்லு" என்றார். அம்மா உள்ளே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜலதோஷம் என்றாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்கச் சொன்னபோது வார்டின் கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். எங்கேயும் நிற்கவில்லை. வந்து உட்கார்ந்து, "அம்மிணி, இத்தன காத்து எங்க இருந்துச்சு" என்று கேட்டார்.

அதற்கு மறுநாள் காலையில் மாணவர்கள் வந்தார்கள். வழக்கம்போல முதலில் அப்பாவின் கட்டிலைச் சூழ்ந்தார்கள். ஒருவன் குழாயை வைத்துக் கேட்டான். இடம் மாற்றி மாற்றி வைத்தான். பக்கத்தில் நின்றவனிடம், "இவர்கிட்ட இனி ஒண்ணும் கேட்காதுடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். கூட்டம் மொத்தமும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. அங்கே முந்தின நாள் வந்து சேர்ந்த சுமைதூக்கும் ஆள் ஒருவர் சட்டையைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தார். "செம சவுண்ட்" என்று ஒருவன் மற்றவர்களை அவசரமாகக் கூப்பிட்டான். ஆளுக்கு ஆள் குனிந்து கேட்டார்கள். அந்த ஆள் எல்லோரையும் பார்த்து வெட்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். "என்னங்கய்யா, வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"அவருக்கு என்னன்னு."

அடுத்த கட்டிலில் படுத்திருந்தவரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அப்பாவைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் காதிலிருந்து குழாயைக் கழற்றினார்கள். "செம சவுண்ட்" என்று சொன்னவன் உட்கார்ந்து பேச இடம் தேடினான். நான் எழுந்து என் ஸ்டூலை அவனிடம் நகர்த்தினேன்.