அன்புச்செல்வி கத்தி தீட்டப் பழகியது

கணவர் மாசிலாமணிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, அவருக்குச் சோறு ஊட்டுவதையும் அவரை நடக்க வைப்பதையும் நினைத்துத்தான் அன்புச்செல்வி பயந்தாள். தாடி ஒரு தொல்லையாக வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வந்த கொத்தனார் அவர். பிளேடு பட்டாலே கழுத்தில் கொப்புளம் கிளம்பும் தோல். அதனால் கலியாணத்துக்கு முன்பிருந்தே மடக்குச் சவரக்கத்திதான். தானே தீட்டித் தானே மழித்துக்கொள்வார். இப்போது சலூன்காரரை வீட்டுக்கு அழைத்துப் பிளேடு போட்டு மழித்ததில் கழுத்தெல்லாம் புண். அதோடு விட்டுவிட்டார்கள். தாடி வளர வளர மாசிலாமணி ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு வர மறுத்தார். யாராவது பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“நான் வழிச்சி உடறேங்க,” என்றாள் ஒருநாள்.

சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

பெட்டியிலிருந்த கத்தி மழுங்கிக் கிடந்தது, அவர் தீட்டும் கல்லோ உடைந்து போயிருந்தது. அவள் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள். காய் அரியும் கத்தியைத் தீட்டித் தீட்டிப் பழகிய கை. இதென்ன பெரிய வேலை என்று சமையலறைத் தீட்டுக்கல்லில் அழுத்தி இழுத்தாள். நுரை பூசிக் கன்னத்தில் வைத்ததும் கத்தி மயிரை மழிக்கவில்லை, பிடுங்கியது. மாசிலாமணியின் மூடிய கண்ணோரம் நீர் கசிந்தது.

“போதும் செல்வி,” என்றார் குழறலாக.

அடுத்த தெருவில் குமரேசன் என்ற தச்சர் இருந்தார். அவரிடம் கத்தியைக் காட்டினாள்.

“எனக்கு உளி தீட்டத்தான் தெரியும்க்கா. இத நான் தொட்டதே இல்ல,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிபோல வழவழப்பான கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இத எடுத்துக்கினு போங்க. மத்தத அண்ணனையே கேளுங்க. அவருக்குக் கைதான போச்சி, தெரிஞ்சது போகலையே.”

அவளுக்குச் சுருக்கென்றது. நோய் வந்ததிலிருந்து அவருக்காக எல்லாம் செய்தாள். அவரை எதுவும் கேட்கத் தோன்றியதில்லை.

கட்டில் பக்கத்தில் பலகை போட்டு, கல்லை நனைத்து வைத்தாள். “சொல்லுங்க, இன்னா பண்ணணும்?”

 அவர் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தியைக் கல்மேல் படுக்க வைத்தார்.

“கத்தி முதுகத் தூக்காத. அழுத்தாத. கத்தி எடையே போதும்.”

கத்தியின் தடித்த முதுகும் கூரான வாயும் சேர்ந்து கல்லில் படிய வேண்டும். வாயை முன்னால் விட்டுத் தள்ளி, முதுகின்மேல் புரட்டித் திரும்ப வர வேண்டும். கடைசியில் தோல்வாரில் தேய்க்கும்போது மட்டும் முதுகு முன்னால் போகும். அதை மறந்து அவள் வாயை முன்னால் தள்ளியதில், வாருக்கென்று கட்டியிருந்த அவருடைய பெல்ட் கிழிந்தது.

“என் பெல்ட்டு போச்சி,” என்று மாசிலாமணி சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம்தான் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்து அவள் தலை குனிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் உட்கார்ந்தாள். அழுத்திப் பழகிய கையை அழுத்தாமல் வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு சாயங்காலம் தன் முழங்கையோரம் கத்தியை வைத்தபோது பூனைமயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது. அவரிடம் கையைக் காட்டினாள். அவர் முகத்தை நிமிர்த்திக் கழுத்தைக் கொடுத்தார். இந்த முறை அவள் மழித்து முடிக்கும்வரை அவர் கண்ணை மூடவில்லை.

மறுநாள் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது குமரேசன் வாங்கவில்லை. “உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா.” அவள் கும்பிட்டாள். அவர் கூச்சத்தோடு இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு இருவரும் கோயிலுக்குப் போனார்கள். கை பழையபடி ஆக வேண்டுமென்று வேண்டத்தான் அவள் நினைத்திருந்தாள். முழந்தாளிட்டபோது நன்றி மட்டுமே வாயில் வந்தது. கல் கொடுத்தவருக்காக, கற்றுக்கொடுத்தவருக்காக, பயமில்லாமல் நீட்டிய அந்தக் கழுத்துக்காக.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பெண், இடது கைக்கு வேலை கொடுக்கச் சொன்னாள். இப்போதெல்லாம் ஒரு கன்னத்தை மாசிலாமணியே மெதுவாக மழித்துக்கொள்கிறார். பிறகு கத்தியை அவளிடம் நீட்டி, “மீதிய நீ பாரு,” என்கிறார்.