மருமக அனுப்பாத புகாரு

அதத்தான் சொல்ல வந்தேன் சரசு, பேயி பிசாசுன்னு எவளாச்சும் வந்தா, போயி வேலையப் பாருடின்னு தொரத்துறவ நானு. நீ நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ. பட்டப்பகல்ல நடந்துச்சு.

எம் மருமக கவிதா ஊட்டுல உக்காந்துக்கிட்டே தறிய ஓட்டற கம்ப்யூட்டரு போர்டுக்கு புரோகிராம் எழுதறாளல்ல. அவ எழுதறது மெசினுக்கு அப்படியே புரியாதாமா, நடுவுல கம்பைலருன்னு ஒண்ணு மாத்திக் குடுக்கோணுமாமா. அது தப்பா மாத்துனா, குமாரபாளையத்துல ஓடற தறி நின்னு நின்னு நூலு அறுந்துபோவுது. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவுலீன்னா மெட்ராசு ஆபீசுக்கே வந்து உக்காருன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு. ஆறு மாசக் கொளந்தைய உட்டுப்போட்டு அவ எங்க போவா?

மொதல்ல காசு குடுத்து வாங்குன கம்பைலரு. தப்பு இருக்குதுன்னு அந்தக் கம்பெனிக்கு எழுதுனா ஒரு நெம்பரக் குடுத்து, பாக்கறோம்னாங்க. மூணு வாரமாச்சு, பாக்கறோம்தான். அலுத்துப்போயி சும்மா கெடைக்கறதுக்கு மாறுனா, அதுலயும் வேற ஒரு தப்பு.

"கம்பெனிக்காரங்க மூடி வெச்சுக்குவாங்க. இங்க எல்லாந் தெறந்து கெடக்குதுங்கத்தை. ஆரு புகாரையும் ஆரும் படிக்கலாம், சரி பண்ணலாம். கண்டுக்காமயும் போயிருவாங்க"ன்னா.

ஊரே படிக்குமில்ல, மொதலாளி சமாச்சாரத்த அதுல போடக்கூடாது. அதுனால அத்தாப்பெரிய புரோகிராம வெட்டி வெட்டி, தப்பு மட்டும் மிஞ்சறாப்ல பன்னெண்டு வரியாக்குனா. ரெண்டு நாளு சோறு தண்ணி இல்ல. மூணாம் நாளு காத்தால, உள்ள இருந்த பேரையெல்லாம் எடுத்துப்போட்டு நம்மூட்டுப் பேரா வெச்சா. எம்பேரு, கொளந்தை பேரு, மாட்டக் கூப்புடற செவலைங்கற பேரு. கடலக்காய் உரிச்சுக்கிட்டிருந்த நானு, எம் மாடு சீமைக்குப் போவுதுன்னு சிரிச்சே மாஞ்சேன்.

அனுப்பப் போற நேரத்துக்குக் கரண்ட்டுப் போயி நெட்டும் போச்சு. உச்சி வெயிலு. ஒரு மணி நேரங்கழிச்சு வந்துச்சு, அந்தப் புகாரு போடற பக்கத்தத் தொறந்து பாத்தவ என்னைய ஓடியாரச் சொன்னா. அவ அனுப்பவே இல்ல சரசு. அதே பன்னெண்டு வரியும், செவலையோட, அங்க கெடக்குது. ஆரோ மூணு நாளைக்கு முன்னாடியே போட்டிருக்குறாங்க. கீழ இன்னொருத்தரு சரி பண்ணியுங் குடுத்துட்டாரு. சாயங்காலமே தறி நிக்காம ஓடுச்சு, மெட்ராசுப் பேச்சும் நின்னுச்சு.

லேப்டாப்புல பூந்து எவனாச்சும் எடுத்திருப்பான்னு எம் மவன் சொல்றான். பேரு மாத்துனதே அன்னிக்குக் காத்தாலதான, அதுக்கு மூணு நாளு முன்னாடி எப்படி எடுப்பான்? போட்டது ஆருன்னு கேட்டு இவ எழுதுனா, பதிலே இல்ல.

அப்பறந்தான் கவிதா கேட்டா, "ஏனுங்கத்தை, அங்க பதிமூணாவதா ஒரு வரி இருக்குது, நா எழுதல. அதுல பொன்னரசுன்னு ஒரு பேரு. பொன்னரசுன்னா நம்மூட்டுல ஆருங்க?"

தெரியாதுன்னுட்டேன்.

எம் மவனுக்கு முன்னாடி எனக்கு மூத்தது ஒண்ணு, பொறந்து அழுவவே இல்ல. அதுக்கு நா மனசுக்குள்ள வெச்ச பேரு அது. அவங்கப்பங்கிட்டக்கூடச் சொன்னதில்ல. கவிதா எழுதுன பன்னெண்டு வரி மட்டும் இருந்தா தப்பு எப்பவாச்சும்தான் வருமாம், ஆரும் நம்பமாட்டாங்களாம். அந்தப் பதிமூணாவது வரி இருந்தாத்தான் ஒவ்வொரு தரமும் வருதாம், அதுனாலதான் தப்பப் புடிச்சாங்களாம்.

இன்னைக்கும் அந்தப் பேரு அங்கயே கெடக்குதாம். எனக்குத்தான் படிக்கத் தெரியாது... இரு, கொழாயில தண்ணி வந்திருச்சாட்ட இருக்குது, கொடத்த வெச்சுப்போட்டு வாரேன்.