பெண் பார்க்க வாங்கிய மானிட்டர்

அந்த மானிட்டரை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினேழு அங்குலம், தட்டை, கறுப்பு விளிம்பு. ஆம்பூரில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அப்படியொன்று இல்லை. அதற்காகத்தான் அப்பா அதை வாங்கினார்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் கார் பந்தய விளையாட்டு. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம் அது. பிரவுசிங் சென்டர் முழுக்கப் பையன்கள். நான் அங்கே போய் உட்கார்ந்தால், வீடு திரும்புவதற்குள் சேதி அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போய்விடும். அதனால் வீட்டில்தான் பழகினேன். பழைய பெட்டி மானிட்டர், ஓரமெல்லாம் மஞ்சள். ஆனால் கார் வழுக்கிக்கொண்டு போகும். காரணம் கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டு ராம், அதாவது நினைவகத் துண்டுகள். இரண்டாவது, நான் டியூஷன் எடுத்து வாங்கிப் போட்டது. வேலூரில் ஒரு சென்டரில் பந்தயப் போட்டி என்று நோட்டீஸ் வந்ததும் பெயர் கொடுத்தேன். பரிசு, படத்தை இன்னும் வேகமாக ஓட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டு. அது எனக்கு வேண்டும். அத்தனை பையன்கள் முன்னால் வாங்க வேண்டும்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். சனிக்கிழமை நான் டியூஷனில் இருந்தபோது, அப்பா கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பழைய மானிட்டரைக் கொடுத்துப் புதியதைக் கேட்டிருக்கிறார். பணம் கொஞ்சம் இடித்திருக்கிறது. கடைக்காரர் திறந்து பார்த்து, "உள்ள ரெண்டு ராம் கீது சார். ஒண்ணே போதும்" என்றிருக்கிறார். அப்பா என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"உள்ள இருக்கறது யாருக்கும்மா தெரியப் போவுது? மானிட்டர்தான் கண்ணுக்குத் தெரியும்" என்றார் என்னிடம்.

இதைச் சொன்னவர் யார்? தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிக்கிறவர். மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் திருப்பிப் போட்டு, சதைப் பக்கத்தில் கத்தி பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் ஒரு தோலையும் விடமாட்டார். வீட்டுக்கு வந்தால் மட்டும் அவருக்கு மேல்பக்கம் போதும்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னா பண்ணுவ?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "டைப் அடிப்பா. பாட்டு கேப்பா" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. மாப்பிள்ளை மிக்சர் தின்றார்.

அவர்கள் போனதும் விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். பெரிய திரைக்குப் புள்ளிகள் ஜாஸ்தி. எங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. திரைக்கு வேண்டியதையும் கம்ப்யூட்டர் ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அந்த ராமே இப்போது பாதி. கார் திக்கித் திக்கி ஓடியது. புள்ளிகளைக் குறைத்து வைத்தால், தண்ணீர் பட்ட எழுத்து மாதிரி படம் கலங்கியது. பட்டனை அழுத்தினால் கார் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

மூன்று வாரமும் அதிலேயே பழகினேன். வேறு என்ன செய்வது? வளைவு வருவதற்கு முன்பே அழுத்தக் கற்றுக்கொண்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.

வேலூர் சென்டரில் நல்ல கம்ப்யூட்டர், பழைய பெட்டி மானிட்டர். முதல் வளைவில் என் விரல் முன்கூட்டியே அழுத்தியது. கார் அந்தக் கணமே திரும்பிச் சுவரில் மோதியது. இரண்டாவது வளைவிலும் அதே கதை. எனக்குப் புரிந்துவிட்டது, விரலுக்குப் புரியவில்லை. கடைசியாக வந்தேன். பின்னால் நின்ற ஒருவன், "பொண்ணுங்களுக்கு எதுக்குப்பா இது?" என்றான். அவனை அறையாமல் வந்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், அப்பா வாசலிலேயே சிரித்த முகமாக நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டில் சம்மதமாம்.

"அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா. கம்ப்யூட்டரையும் கூடவே அனுப்பிடச் சொல்றாங்க."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மானிட்டரை மட்டும் அனுப்புங்கப்பா" என்றேன். "அவங்க பாத்தது அதத்தான்."