அப்பா எடுத்த வார்ம்-அப்

2020 ஆகஸ்ட் 9, ஞாயிறு. எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்தேன், வாசல் கூட்டினேன், இட்லி தின்றேன். பிறகு செல்போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தேன். கன்னட எல்லையை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் ஒற்றை அறை வாடகை வீட்டில், கைகளை விரித்து நிற்க அதன் எதிரில் மட்டும்தான் இடம் இருந்தது.

ஊரடங்கில் பள்ளி மூடியிருந்தது. ஞாயிறுதோறும் பி.டி. மிஸ் ஆன்லைனில் உடற்பயிற்சி நடத்தினார். அப்பாவோ அம்மாவோ கூட நின்றால்தான் பிள்ளைகள் செய்யலாம். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். அம்மாவுக்கு நிறைமாதம். அதனால் நான் பல வாரமாக வேடிக்கைதான் பார்த்தேன்.

அப்பாவின் கம்பெனி மறுபடி திறந்தபோது அவர் மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“எழுந்து நில்லுங்க. பாப்பா இன்னும் எத்தனை வாரம் ஏங்கும்?” என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

“ஊரே பாக்க நான் குதிக்கணுமா? ஆளை விடு.”

“சரி, நானே குதிக்கிறேன்” என்று அம்மா வயிற்றைப் பிடித்தபடி எழுந்தாள். அப்பா அலறியடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மிஸ் கையை உயர்த்தச் சொன்னதும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது. தோள், இடுப்பு, முழங்கால், எதுவும் பிசகவில்லை. கம்பெனியில் ஷிப்டுக்கு முன் தினமும் வரிசையில் நின்று செய்ததுதான். அதே பழக்கத்தில், பயிற்சி முடிந்ததும் வலது கையை முன்னால் நீட்டி உரக்கக் கத்தினார்.

“முழு உடம்போட வந்தோம்! முழு உடம்போட வீடு போவோம்!”

மெஷினைத் தொடுமுன் எல்லாரும் எடுக்கும் பாதுகாப்பு உறுதிமொழி அது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அப்பாவின் கை மெல்ல இறங்கியது.

அப்போது திரையின் மூலையில் என் தோழியின் அப்பா கையை நீட்டினார். “இன்னொம்மெ ஹேளி சார்!” என்று கன்னடத்தில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார். கட்டத்துக்குக் கட்டம் கைகள் நீண்டன. ஏதோவொரு கம்பெனி வரிசையில் நின்றவர்கள்தான் எல்லாரும். அத்தனை குரலும் சேர்ந்து போன் கரகரத்தது. மிஸ்ஸும் கையை நீட்டியிருந்தார்.

“நாளையிலேர்ந்து தினமும் காலையில ஆன்லைன் வகுப்புக்கு முன்னால வார்ம்-அப் நீங்கதான் எடுக்கணும் சார்” என்றார்.

நான் வீட்டுக்குள்ளேயே குதித்தேன். அம்மா ஏன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அவள் அப்பாவின் கம்பெனிச் சட்டையை இஸ்திரி போட்டாள்.

“குதிக்கிறதுக்கு எதுக்கும்மா இஸ்திரி?” என்று சட்டையைத் தொட்டபடி கேட்டேன்.

“கையை எடு, சுடும்” என்றாள்.