சூளையில் வெந்த கிரேக்க எழுத்து

இன்றைக்கும் செல்போன் இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டால், அப்பாவோ என்று ஓடிப்போய் நம்பரைப் பார்ப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எதையும் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டதே கிடையாது. அப்பா விஷயமும் அப்படித்தான். போனார், அவ்வளவுதான்.

நான் நாலாவது படிக்கும்போது அவர் ஜோர்டானுக்கு ரோடு வேலைக்குப் போயிருந்தார். பாலைவனத்தைத் தோண்டியபோது பழைய மடம் ஒன்று வெளிப்பட்டதாம். ஆதிக் கிறிஸ்தவத் துறவிகள் கல்லில் வெட்டிவைத்த எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். "கிரேக்க எழுத்தாம். நம்ம வேதத்துத் துறவிங்க எழுதினது. பத்திரமா வச்சுக்கோங்க" என்று கூடவே அவர் குரல். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. அனுப்பிவைத்த ஏஜெண்டு, "வந்துடுவாரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அவனும் எடுக்கவில்லை.

அம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில் ஈரப் பொம்மைகளின் பிசிறு துடைக்கிற வேலை. போட்டோவைப் பார்த்துப் பார்த்து, இன்னும் சுடாத களிமண் பலகையொன்றில் ஊசியால் அந்த எழுத்துகளைக் கோலம்போல இழுத்தாள். "இன்னாக்கா, பொம்மைக்கு அட்ரஸ் எழுதுறியா?" என்று கேலி செய்த மேஸ்திரியே அதைச் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டு நிலைக்கு மேலே அது ஏறியது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே மெழுகுவத்தி ஏற்றி, அப்பா திரும்பி வரவேண்டும் என்று முழங்காலில் நின்றோம். ஜங்ஷனில் ரயில் ஊதும்போதெல்லாம் நான் தெருவைப் பார்ப்பேன்.

ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வந்த புதுப் பங்குச் சாமியார் கிரேக்கம் படித்தவர். நிமிர்ந்து பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத யாரும்மா இங்க மாட்டினது?"

"நான்தாங்க சாமி. அவுரு நல்லபடியா வூடு வரணும்னு."

"இது கல்லறைக் கல்லும்மா. செத்துப்போன துறவிக்குக் கூட இருந்தவங்க வெட்டி வச்சது. இவருக்கு இளைப்பாறுதல் கொடு ஆண்டவரேன்னு எழுதியிருக்குது."

"உசுரோட இருக்கிறவருக்கா இத்தன நாளா..." என்றாள் அம்மா. அதைக் கழற்றவில்லை, உடைக்கவும் இல்லை. அப்பா கடைசியாக அனுப்பியது அதுதானே.

அன்று சாயங்காலமும் மெழுகுவத்தி ஏற்றினாள். ஆனால் கல்லறைத் திருநாளன்று செத்தவர்களுக்காகச் சொல்லுகிற ஜெபத்தைச் சொல்லச் சொன்னாள். எந்தக் காலத்துத் துறவிக்கோ நாம் எதற்கு வேண்ட வேண்டும் என்று எனக்கு எரிச்சல். மளமளவென்று ஒப்பித்துவிட்டு, அப்பாவுக்கான ஜெபம் அடுத்து வரும் என்று முழங்காலிலேயே காத்திருந்தேன். அம்மா மெழுகுவத்தியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, அதை நானே சொல்லி முடித்தேன்.